ஹெல்மெட் இல்லாமல் கோட்டைத் தாண்டக் கூடாது

லெதர் பந்தில் கிரிக்கெட் ஆட வேண்டும் என்று என் மகள் கேட்டபோது அவளுக்குப் பத்து வயது. அதுவரை மில்லர்புரத்தில் எங்கள் தெருவில் ரப்பர் பந்தில்தான் ஆடிக்கொண்டிருந்தாள். அவுட் என்று யார் சொன்னாலும் ஒத்துக்கொள்ள மாட்டாள். அந்த விஷயத்தில் அவள் அப்பாவைக் கொண்டு பிறந்தவள். அவர் சரக்குக் கப்பலில் எஞ்சினியர், வருஷத்தில் பாதிக்கு மேல் கடலில் இருப்பார். அதனால் வீட்டில் சரி சொல்வதும் மாட்டேன் என்பதும் என் பொறுப்பு. நான் வேலை பார்ப்பது ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீசில். ஒரு காகிதம் குறைந்தாலும் கண்டெய்னர் கேட்டைத் தாண்டாது என்பதைப் பதினாறு வருஷமாகப் பார்த்துப் பழகியவள். கிரிக்கெட்டுக்குள்ளும் அந்தப் புத்தியோடுதான் போனேன்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் காலைப் பூசை முடிந்த கையோடு அவளை மைதானத்துக்குக் கூட்டிப்போனேன். மைதானம் என்று நாங்கள் மரியாதைக்காகச் சொல்கிறோம். துறைமுகச் சாலையிலிருந்து உள்ளே தள்ளி, உப்பளத்துக்கு முன்னால் கிடக்கும் வெறும் தரை அது. நடுவில் பிட்ச்சுக்குப் பதிலாக மேட்டிங் என்ற தடித்த பாயை விரித்து நாலு மூலையிலும் ஆணி அடித்திருப்பார்கள். கோச் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். நாற்பத்தைந்து வயதிருக்கும். ஷிப்ட் இல்லாத நாட்களில் பிள்ளைகளுக்குச் சும்மாவே சொல்லிக்கொடுத்தார். நல்ல மனிதர். வேகப்பந்து போடுகிறவர் என்பதால் பேச்சும் வேகம்தான்.

கிட் பையை அவர் திறந்தபோது நான் எட்டிப் பார்த்தேன். பதினான்கு பிள்ளைகளுக்கு ஒரே ஒரு ஹெல்மெட். வேர்வையில் ஊறி ஊறி உள்பஞ்சு கருவாட்டு வாசம் அடித்தது. முகத்துக்கு முன்னால் வரும் கம்பியில் ஒரு பக்கத்து ஸ்க்ரூ காணாமல் போயிருந்தது. அந்த இடத்தை வலை பின்னுகிற நைலான் கயிற்றால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். முடிச்சு பிரமாதமாக இருந்தது. யாரோ கடலுக்குப் போகிற வீட்டுப் பிள்ளை போட்டிருக்க வேண்டும்.

“மாஸ்டர், ஹெல்மெட் ஒண்ணுதானா?” என்று கேட்டேன்.

“ஒரு நேரத்துல ஒருத்தன்தான மேடம் பேட்டிங் பண்ணுதான்?” என்றார்.

நான் அந்தக் கயிற்று முடிச்சைத் தொட்டுப் பார்த்தேன். அவர் தொடர்ந்தார். “எங்க காலத்துல இதுகூடக் கிடையாது. பந்து மூஞ்சிக்கு வந்தா மூஞ்சிய நகட்டுவோம். அதான் டெக்னிக்.”

மூன்றாவது வாரம் ஒரு பையன் மூஞ்சியை நகட்ட மறந்துவிட்டான். அவன் பேட்டிங்கூடச் செய்யவில்லை, ஃபீல்டிங். பேட்ஸ்மேனுக்கு நாலு எட்டு தள்ளி அவனைக் குனிய வைத்திருந்தார் கோச். பந்து புருவத்தில் பட்டு மூன்று தையல். அடுத்த வாரம் அவன் பேண்டேஜோடு வந்தபோது பிள்ளைகள் எல்லாரும் சுற்றி நின்று அதைத் தொட்டுப் பார்த்தார்கள். ஒவ்வொரு தையலுக்கும் அவன் ஒரு கதை சொன்னான். வீட்டுக்கு வரும் வழியில் என் மகள் ஸ்கூட்டியின் பின்னாலிருந்து, “அம்மா, எனக்குப் போட்டாலும் மூணுதான் போடுவாங்களா, கூடப் போடுவாங்களா?” என்று கேட்டாள். அந்த ஆசையைக் கேட்டுத்தான் எனக்கு உண்மையில் பயம் வந்தது.

அந்த வாரத்தில் ஒரு கண்டெய்னர் விஷயமாகத் துறைமுகத்துக்குள் போக வேண்டி வந்தது. கேட்டில் எனக்கு ஒரு மஞ்சள் ஹெல்மெட்டும் ஆரஞ்சு மேல்சட்டையும் கொடுத்தார்கள். அந்தச் சட்டைக்குள் என்னைப் போல இரண்டு பேர் நிற்கலாம். யார்டில் நடந்துபோகும்போது பழகிய குரல் ஒன்று கேட்டது. எங்கள் கோச். கிரேனிலிருந்து இறங்கி நின்றார். தலையில் ஹெல்மெட், தாடைக்குக் கீழே வார் இழுத்து மாட்டியிருந்தது. ஆரஞ்சுச் சட்டை, இரும்பு வைத்த ஷூ. எதிரே வெறும் தலையோடு ஒரு லாரி டிரைவர்.

“ஒரு நிமிசம் அண்ணாச்சி, கண்டெய்னர் லாக்க மட்டும் எடுத்துட்டு ஏறிருதேன்” என்றார் டிரைவர்.

“ஒரு நிமிசம்னு மேல தொங்குத பெட்டிக்குத் தெரியுமாலே? மொதல்ல தலையில மாட்டு. மாட்டிட்டுப் பேசு.”

டிரைவர் வண்டிக்குள் கையை விட்டு ஹெல்மெட்டை எடுத்து மாட்டினார். கோச் திருப்தியோடு திரும்பினார். அங்கே நான் நிற்கிறேன். நான் சிரித்தேன். அவர் தன் கிரேனை அப்போதுதான் முதல்முறை பார்ப்பவர் போல அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்.

ஞாயிற்றுக்கிழமை வந்ததும் கேட்டேன். “மாஸ்டர், அந்தப் பெட்டிக்குத் தெரியாததெல்லாம் பந்துக்குத் தெரியுமா?”

கொஞ்ச நேரம் பந்தைத் தொடையில் தேய்த்துக்கொண்டிருந்தார். “அங்க போடலைன்னா கேட்டுலயே விட மாட்டாங்க மேடம். அதனால போடுதோம். இங்க கேட் எங்க இருக்கு?”

“அப்போ இங்கயும் ஒரு கேட் போடுவோம்.”

நான் பேச்சுக்குத்தான் சொன்னேன். அவர் அடுத்த வாரம் ஒரு பை சுண்ணாம்புப் பொடியோடு வந்து நின்றார். மேட்டிங்கைச் சுற்றி அகலமாக ஒரு கட்டம் போட்டு, ஒரு பக்கத்தில் மட்டும் வாசல் மாதிரி இடைவெளி விட்டார். “சரி மேடம், கேட் போட்டாச்சு. ரூல் எங்க?”

ரூல் எழுதச் சொன்னால் ஆபீஸ்காரி எப்படி எழுதுவாளோ அப்படி எழுதினேன். இருபத்து மூன்று விதிகள், சில விதிகளுக்குள் அ, ஆ, இ என்று உட்பிரிவுகள். இரண்டு பக்கம் பிரிண்ட் எடுத்து லேமினேட் செய்து கொண்டுபோனேன். கோச் வெயிலில் அதைச் சாய்த்துப் பிடித்துப் படித்தார். “மேடம், பிள்ளைங்க பந்து போடணுமா, இதுக்குப் பரீட்சை எழுதணுமா?” என்றார். அங்கேயே உட்கார்ந்து ஒவ்வொரு விதியாக அடித்துக்கொண்டே போய், ஐந்து மிஞ்சியதும் நிறுத்தினார். கோட்டுக்குள் யாராக இருந்தாலும் ஹெல்மெட். பேட்டிலிருந்து பதினைந்து எட்டுத் தூரத்துக்குள் எந்தப் பிள்ளையும் ஃபீல்டிங் நிற்கக் கூடாது. வேகமாகப் பந்து போடுகிற பிள்ளைக்கு ஒரு நாளைக்கு இத்தனை ஓவர்தான், அதற்கு மேல் கெஞ்சினாலும் கிடையாது. தலையில் பந்து பட்டால், நன்றாக இருந்தாலும் அன்றைய ஆட்டம் அத்தோடு முடிந்தது. கடைசியாக, அரை மணிக்கு ஒரு தடவை எல்லாரும் நிழலுக்கு வந்து தண்ணீர் குடிக்க வேண்டும். எங்கள் மைதானத்தில் நிழல் என்பது ஒரே ஒரு உடைமரம். அதனால் அந்த விதிக்காகத் தார்ப்பாய் கட்டினோம்.

ஹெல்மெட்டுகளை ஓர் உப்பள முதலாளி வாங்கித் தந்தார். அவருடைய பேரன் எங்களிடம் ஆடினான். மூன்று அளவுகளில் பத்து ஹெல்மெட் வந்தன. தலையில் மாட்டிய பிறகு ஆட்டினால் தலையும் சேர்ந்து ஆட வேண்டும், ஹெல்மெட் மட்டும் ஆடினால் பெரிது என்று எங்கேயோ கேட்டு வந்த கோச், பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, சந்தையில் தேங்காய் பார்ப்பது போல ஒவ்வொரு தலையாக ஆட்டிப் பார்த்தார். மேல்விளிம்புக்கும் கம்பிக்கும் நடுவில் உள்ள இடைவெளியில் பந்தை வைத்து அழுத்தி, உள்ளே போகிறதா என்றும் சோதித்தார். இரண்டு மாதத்துக்கு முன்னால் மூஞ்சியை நகட்டச் சொன்ன மனிதர் இவர்தானா என்று எனக்கே சந்தேகம் வந்தது.

ஆனால் கேலி செய்ய எனக்கு யோக்கியதை இல்லை. என் மகளுக்கு நான் தனியாகக் கடைக்குப் போய் நெஞ்சுக்கு ஒன்று, முழங்கைக்கு ஒன்று, தொடைக்கு இரண்டு என்று கிடைத்த பேடை எல்லாம் வாங்கி மாட்டிவிட்டேன். கடைக்காரர் காட்டாததையும் கேட்டு வாங்கினேன். அவள் நடந்து மேட்டிங்குக்குப் போவதற்குள் பந்து போடுகிற பையன் உட்கார்ந்துவிட்டான். முதல் பந்தைத் தட்டிவிட்டு ஓடினாள். ஓடினாள் என்றால் ஓட முயன்றாள். பாதி வழியில் ரன் அவுட்.

கோச் என் பக்கத்தில் வந்து நின்றார். “மேடம், பிள்ளைய பேட்டிங்குக்கு அனுப்பிருக்கீங்களா, கடலுக்கடியில சங்கு குளிக்க அனுப்பிருக்கீங்களா?”

தொடையில் ஒன்றைக் குறைத்தேன். முழங்கைக்கானதை மகளே ஒளித்துவைத்துவிட்டாள், இன்றுவரை கிடைக்கவில்லை.

கோட்டு வாசலில் நிற்கும் வேலையைப் பிள்ளைகள் முறைவைத்துப் பார்த்தார்கள். அதில் என் மகளுக்குக் கிடைத்த சந்தோஷம் பேட்டிங்கில்கூடக் கிடைக்கவில்லை என்று நினைக்கிறேன். ஒருநாள் பேட் பிடிப்பதைத் திருத்துவதற்காகக் கோச் அவசரமாக உள்ளே நுழைந்தார். அவள் கையை நீட்டித் தடுத்தாள்.

“கோச், ஹெல்மெட்.”

“ஏளா, நான் கோச்சுளா.”

“யாராக இருந்தாலும்னு எழுதிருக்கு.”

அவர் என்னைப் பார்த்தார். நான் உப்பளத்தைப் பார்த்தேன். சின்னப் பையன் ஒருவனின் ஹெல்மெட்டை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு உள்ளே போனார். அது அவர் உச்சியில் குருவி உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்திருந்தது. என் முறையும் வந்தது. ஸ்கூட்டியில் எப்போதும் கைப்பிடியில் தொங்கவிட்டுப் போகிற என் ஹெல்மெட்டைக் காட்டி, நான் அதை மாட்டும்வரை தான் பின்னால் ஏறப்போவதில்லை என்று அவள் நடுத்தெருவில் நின்றாள். எதிர்வீட்டுக்காரர்கள் வாசலுக்கு வந்து பார்த்தார்கள். மாட்டினேன்.

ஏரலிலிருந்து ஒரு டீம் எங்களோடு ஆட வந்தது. அன்றைக்கு ஆட்டத்தைத் தொடங்கிவைக்க உப்பள முதலாளியையே கூப்பிட்டிருந்தோம். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, படிய வாரிய தலை. கூடவே போட்டோ எடுக்க ஒருவர். முதல் பந்தை அவர் அடிப்பதாக ஏற்பாடு. பேட்டைக் கையில் வாங்கிக்கொண்டு கோட்டு வாசலுக்கு வந்தார். வாசலில் அந்த நேரம் பார்த்து என் மகள்.

“தாத்தா, ஹெல்மெட் போட்டுட்டுப் போங்க.”

“ஒரே பந்துதாம்மா. மெதுவாத்தான் போடுவாங்க.”

“ஒரே பந்துன்னாலும் போடணும் தாத்தா.”

ஹெல்மெட் வாங்கிக் கொடுத்தவரையே ஹெல்மெட் இல்லை என்று நிறுத்திவைத்திருக்கிறாள். கோச்சிடம், “இன்னைக்கு மட்டும் விடச் சொல்லுங்க மாஸ்டர்” என்று காதோரம் சொன்னேன். அவர் இருப்பதிலேயே பெரிய ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு போனார். “அண்ணாச்சி, இது நீங்க வாங்கிக் குடுத்ததுதான். நல்லா இருக்கான்னு நீங்களே போட்டுப் பாத்துருங்க” என்று நீட்டினார். முதலாளி சிரித்துக்கொண்டு குனிந்தார். வாரிய தலை கலைந்ததுதான் அவருக்குக் கொஞ்சம் வருத்தம். முதல் பந்தை விட்டுவிட்டார், இரண்டாவதையும் விட்டுவிட்டார், மூன்றாவதைத் தொட்டார். எல்லாரும் கை தட்டினார்கள்.

மறுநாள் முதலாளி எனக்குப் போன் செய்தார். “மேடம், போட்டோ வந்துச்சு. கம்பிக்குள்ள இருக்கது நான்தான்னு எங்க வீட்டுலயே ஒருத்தரும் நம்ப மாட்டேங்காவ” என்றார்.

அன்றைய ஆட்டத்தைச் சொல்ல வேண்டும். பதினைந்து ஓவர். ஏரல் பிள்ளைகள் எண்பத்து நான்கு எடுத்தார்கள். நாங்கள் ஆடும்போது என் மகள் ஐந்தாவதாகப் போனாள். நன்றாக ஆடினாள். நான் அவள் அம்மா என்பதற்காகச் சொல்லவில்லை, எதிர் டீமின் கோச்சே சொன்னார். அவள் பத்தொன்பது எடுத்திருந்தபோது எங்களுக்கு இரண்டு ஓவர் பாக்கி, பதினோரு ரன் வேண்டும். ஏரல் பையன் ஒருவன், பன்னிரண்டு வயதுக்கு நல்ல உயரம், பந்தைக் குத்திப் போட்டான். மேட்டிங்கில் பட்டு எகிறியது. அவள் முகத்தைத் திருப்ப முயன்றாள். பந்து ஹெல்மெட்டின் பக்கவாட்டில் பட்டது. அந்தச் சத்தம் தார்ப்பாய் வரைக்கும் கேட்டது.

எழுந்து ஓடினேன். கோட்டு வாசலில் எட்டு வயதுப் பையன் ஒருவன் நின்றான். “ஆன்ட்டி, ஹெல்மெட்” என்றான். ஒரு வினாடி அவனை அப்படியே தூக்கி ஓரமாக வைத்துவிட்டுப் போகலாம் என்று தோன்றியது. அவன் கையிலேயே ஒன்றைத் தயாராக வைத்திருந்தான். வாங்கித் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஓடினேன்.

எனக்கு முன்னால் கோச் போயிருந்தார். அவள் நின்றுகொண்டுதான் இருந்தாள். அவர் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, “இப்ப எத்தனாவது ஓவர்? யாரு கூட ஆடுதோம்? தலை சுத்துதா? வாந்தி வருதா?” என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் சொன்னாள். இன்னும் பதினோரு ரன் வேண்டும் என்று கேட்காததையும் சொன்னாள். எனக்கு உயிர் திரும்பி வந்தது. உயிரோடு கூடவே வேறு ஒன்றும் வந்தது. அதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

“மாஸ்டர், நல்லாத்தான இருக்கா. ரெண்டு ஓவர்தான மிச்சம்” என்றேன்.

அவர் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். “மேடம், நாலாவது ரூல் யாரு எழுதுனது?”

“நான்தான்.”

“அதுல ரெண்டு ஓவர்தான் மிச்சம்னா பரவாயில்லன்னு எங்கயாவது எழுதிருக்கா?”

என் இருபத்து மூன்றிலும் அப்படி ஓர் உட்பிரிவு இல்லை. அவர் மகளின் கையைப் பிடித்து வெளியே கூட்டிப்போனார். அவள் அழவில்லை. பேட்டை மண்ணில் இழுத்துக்கொண்டே நடந்தாள். தார்ப்பாய்க்கு அடியில் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். அடுத்து போன இரண்டு பிள்ளைகளும் அவசரப்பட்டு அவுட் ஆனார்கள். நாலு ரன்னில் தோற்றோம். பந்து போட்ட உயரமான பையன் வந்து அவளிடம் மன்னிப்புக் கேட்டான். “நல்ல பந்துதான்” என்று மட்டும் சொன்னாள்.

ஹெல்மெட்டைத் துடைத்துப் பார்த்தபோது காதுக்கு மேலே மயிரிழை போல ஒரு விரிசல் ஓடியிருந்தது. கோச் அதைப் பைக்குள் போடவில்லை. வேறு யாரும் எடுத்து மாட்டிவிடக் கூடாது என்று அங்கேயே வாரை அறுத்து, கம்பியைக் கழற்றித் தனித்தனியாக்கினார்.

ஆஸ்பத்திரிக்கு அவரும் வந்தார். டாக்டர் டார்ச் அடித்துக் கண்ணைப் பார்த்தார், ஒற்றைக்காலில் நிற்கச் சொன்னார், இரண்டு நாள் ஓய்வு, போன், டி.வி. எதுவும் பார்க்கக் கூடாது, ஒரு வாரத்துக்கு விளையாட்டு கிடையாது என்றார். போன் கிடையாது என்று கேட்டதும்தான் அவளுக்கு முதல்முறையாகத் தலை வலித்த மாதிரி இருந்தது. மருந்துச் சீட்டுக்காக வெளியே பெஞ்சில் காத்திருந்தபோது நான் கோச்சிடம் மன்னிப்பு மாதிரி எதையோ சொல்ல ஆரம்பித்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

“எனக்குப் பதினேழு வயசுல நெத்தியில பட்டுச்சு மேடம். எல்லாரும் ஆடுலேன்னாங்க, ஆடுனேன். நாப்பது ரன் எடுத்தேனாம், ஜெயிச்சோமாம். கப்போட நிக்கேன், போட்டோ வீட்டுல இருக்கு. எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்ல. அந்த நாளே இல்ல. மறுநாள் காலையில அம்மா முழிச்சுப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தது மட்டுந்தான் ஞாபகம் இருக்கு.”

நிமிர்ந்து, “இதைப் பிள்ளைங்ககிட்ட சொன்னதில்ல. நாப்பது ரன்ன மட்டும் சொல்லிருக்கேன்” என்றார்.

மருந்துச் சீட்டு வந்தது, வாங்கிக்கொண்டு எழுந்தோம்.

அன்று சாயங்காலம் கப்பலிலிருந்து அவள் அப்பா கூப்பிட்டார். திரையைப் பார்க்கக் கூடாது என்பதால் போனை ஸ்பீக்கரில் போட்டு, தலைகீழாகக் கவிழ்த்துத் தலையணையில் வைத்தேன். தலையில் அடிபட்டதை நான் விவரமாக மெசேஜில் எழுதியிருந்தேன். டாக்டர் சொன்னது, விரிசல், ஓய்வு எல்லாம் வரிசை எண் போட்டு. மனிதர் முதலில் கேட்டது, “எத்தனை ரன்?”

“பத்தொன்பது” என்றாள் சுவரைப் பார்த்து. மத்தியானத்துக்குப் பிறகு அவள் பேசிய முதல் வார்த்தை அது.

“எப்படி அவுட்?”

“அவுட் இல்ல. கோச் கூட்டிட்டு வந்துட்டாங்க. அம்மா ரூல்.”

எஞ்சின் இரைச்சலுக்கு நடுவே அவர் குரலை உயர்த்தினார். “அடிபட்டு வெளிய வந்தா அவுட் கிடையாதுட்டி. ஸ்கோர்புக்குல நாட் அவுட்னுதான் எழுதுவாங்க.”

அவள் எழுந்து உட்கார்ந்தாள். “நிஜமாவா?”

“நிஜமா. பத்தொன்பது நாட் அவுட்.”

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். முகத்தில் கோபம் பாக்கி இருந்தது, ஆனால் பசியும் வந்துவிட்டது. தோசை இருக்கிறதா என்று கேட்டாள். நான் மாவை எடுக்கப் போனேன். பின்னால் அவள், ஏரல் பையனின் பந்து எவ்வளவு எகிறியது என்று அப்பாவுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். தோசை சுட்டு முடிப்பதற்குள் அது இரண்டு ஆள் உயரத்துக்குப் போயிருந்தது.